நூற்றுப் பன்னிரண்டாம் அட்டை

இந்நேரம் இருபதாவது அட்டையைக் கூப்பிட்டிருப்பார்கள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால். இரண்டு மணிக்குச் செக்கிங் என்றால் ஜீப் இரண்டேகாலுக்கு வரும். மேசை போட, ஃபேனை அதிகாரி பக்கம் திருப்பி வைக்க, பதிவேட்டைப் பிரிக்க இன்னும் பத்து நிமிடம். அதன் பிறகு நிமிடத்துக்கு ஓர் அட்டை. எங்கள் வீட்டு அட்டை நூற்றுப் பன்னிரண்டு. ஆக நாலேகால் வாக்கில், இங்கிருந்து நான்கு மணி நேரப் பேருந்துத் தூரத்தில், முகாமின் சமுதாயக் கூடத்தில், ஒருவர் தலையைத் தூக்காமல் "கலிஸ்ரா" என்று வாசிப்பார். நான் சென்னையில் தம்புச் செட்டித் தெருவில், இரண்டாவது மாடியில், வக்கீல் ஹபீபாவின் அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. பக்கத்தில் யாராவது அசைந்தால் நானும் அசைய வேண்டியிருக்கிறது. பிறந்ததிலிருந்து ஒரு செக்கிங்கும் தவறியதில்லை நான். இருபத்தைந்து வருடம். கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா என்னைத் தூக்கிக் காட்டுவாளாம், அதிகாரி எட்டிப் பார்த்து டிக் அடிப்பாராம். அம்மை போட்டபோதுகூட விடவில்லை. பத்தடி தள்ளி வேலியோரம் நிற்க வைத்து, "அந்தா நிக்கிறாள் சார், கிட்ட வராதீங்கோ" என்று அம்மா கையைக் காட்டினாள். இலங்கையிலிருந்து வந்த அகதிகள் நாங்கள். வந்தது அப்பாவும் அம்மாவும்; நான் எங்கேயிருந்தும் வரவில்லை, இங்கேதான் பிறந்தேன், ஆனாலும் பதிவேட்டைப் பொறுத்தவரை நானும் வந்தவள்தான். மாதம் ஒருமுறை எல்லோரும் இருக்கிறோமா என்று பார்ப்பார்கள். பேரைக் கூப்பிட்டால் கையைத் தூக்கி "இருக்கிறன் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை இல்லாமல் போனால் ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று தடவை என்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். வெட்டிய பெயரை மறுபடி சேர்ப்பதற்குள் நாலு ஜோடி செருப்பு தேய்ந்துவிடும். முன்கூட்டியே அனுமதியும் கேட்கலாம். அந்தப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதுவது? இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பதிவேட்டில் இன்னொருத்தியின் கையெழுத்தை நான் போட்டேன், அதைச் சத்தியம் செய்து சொல்லப் போகிறேன் என்றா?

கோமதி அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். இங்கே டைப் அடிப்பது, டீ போடுவது, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள்தான். "நோட்டரி நாலு மணிக்கு வந்துடுவார் பாப்பா. கோர்ட்லேருந்து வரணும்ல. நீ டீயக் குடி." நான் "சரிக்கா" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள் இந்தச் 'சரிக்கா'. சென்னைக்கு வந்து மூன்று வருடத்தில் 'ஆமாம்' என்பதற்கு எங்கள் வீட்டில் சொல்கிற 'ஓம்' என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது போனில் மட்டும்தான், அதுவும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் காய்கிற துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு. அமைந்தகரையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. சொந்த ஊர் தூத்துக்குடி என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெயர் கலிஸ்ரா, கிறிஸ்தவப் பெயர் என்பதால் எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஒருநாள் கடைவாய்ப் பல் பிடுங்க வந்த பெரியவர் அசல் தூத்துக்குடிக்காரர், வாயை ஆவென்று வைத்துக்கொண்டே "எந்தக் கோயில் பங்கும்மா நீ?" என்று கேட்டுவிட்டார். நான் எச்சில் உறிஞ்சுகிற குழாயை அவர் வாய்க்குள் விட்டேன். பாவம், அதன் பிறகு அவரால் ஒன்றும் கேட்க முடியவில்லை. ஹாஸ்டலுக்கு வந்து அதை நினைத்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு, இதைச் சொல்லிச் சிரிக்க ஒரு ஆள் கிடைக்காதா என்று சுற்றிப் பார்த்தேன். அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் நான் தூத்துக்குடி. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. பல்வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டு பல்வலியா என்று அதற்கும் கேலி செய்தார்கள். முன்பென்றால் வதனிக்குப் போன் அடித்திருப்பேன். அவள் என் போனை எடுப்பதை நிறுத்தி அப்போதே பல மாதம் ஆகியிருந்தது. நூற்றைம்பது பேர் முட்டி மோதுகிற பேருந்து நிறுத்தத்தில் நின்றாலும் என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் இந்த ஊரில் இல்லை.

வதனி என்றால் ரூபவதனி. எண்பத்தேழாம் அட்டை. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் தடுப்பு, அதில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நோட்டும் பேன் சீப்பும் மாற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். முகாமில் ஒருவருக்காக ஒருவர் நிற்பது புதிதில்லை. ஒருத்திக்குப் பரீட்சை, ஒருத்தன் பெயின்ட் வேலைக்குப் போன ஊரில் மாட்டிக்கொண்டான், ஒருத்திக்கு எழுந்திருக்க முடியாத வயிற்றுவலி என்றால், கூட்டத்தில் யாராவது கையைத் தூக்கி "இருக்கிறன் சார்" என்றுவிடுவோம். இதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு கை உப்புக் கொடுப்பது மாதிரி இது. மாஸ்க் காலம் வந்த பிறகு இன்னும் சுலபமாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்தச் செக்கிங் நாளுக்கு நான் லீவு போட்டு முதல் நாளே முகாமுக்குப் போய்விட்டேன். காலையில் வதனி போன் அடித்தாள். அவள் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் இருந்தாள். "லீவு தரமாட்டன் எண்டிட்டான் மேனேசர். ஸ்டாக் எடுக்கோணுமாம், நான்தான் நிக்கோணுமாம். போன மாசமும் நான் வரேல்ல, அதுக்கு முந்தின மாசமும் வரேல்ல. இந்த மாசமும் எண்டால் பேரை வெட்டிப் போடுவாங்களடி." நான் சொன்னேன், "நீ ஏன் பயப்பிடுறாய்? நான் நீயா நிக்கிறன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். கடையில் அத்தனை பேர் இருக்க ஏன் அவளையே நிற்கச் சொல்கிறான் என்று நான் யோசித்தேனா? அவள் குரலில் ஒரு தயக்கம் இருந்ததா? இருந்தது. இல்லை, இப்போது நானாகச் சேர்த்துக்கொள்கிறேன். இல்லை, இருந்தது. "நீ வா எண்டு சொல்லு, வேலையை விட்டிட்டு இப்பவே பஸ் ஏறுறன்" என்றாளே, அதை விளையாட்டு என்றுதானே எடுத்துக்கொண்டேன். "விசரி, வேலையை விட்டிட்டு என்ன செய்யப் போறாய்?" என்றேன். நான் மட்டும் "என்னால ஏலாது, நீ வா" என்று சொல்லியிருந்தால் அவள் பத்தரை மணிப் பேருந்தில் ஏறியிருப்பாள். செக்கிங் தொடங்குகிற நேரத்துக்கு வந்து சேர்ந்திருப்பாள். ஓர் உதவியை மறுக்கத் தெரியாமல் போனேனே என்று யாராவது அழுவார்களா? நான் அழுதிருக்கிறேன்.

அவள் கையெழுத்து எனக்கு அவளைவிட நன்றாக வரும். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேரும் உட்கார்ந்து எங்களுக்குக் கையெழுத்துகள் உண்டாக்கினோம். அவளுக்கு 'ரூ'வில் தொடங்கி, கடைசி எழுத்தை நீட்டி, அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளி என் யோசனை. புள்ளி இல்லாவிட்டால் கலெக்டர் ஆக முடியாது என்று சொன்னேன். எண்பத்தேழுக்கு நீலத் துப்பட்டாவும் வெள்ளை மாஸ்க்குமாக நின்றேன். நூற்றுப் பன்னிரண்டுக்குத் துப்பட்டாவை மாற்றி, கறுப்பு மாஸ்க்கோடு என் பெயருக்கு நின்றேன். அதிகாரி இரண்டு தடவையும் பேனாவைத்தான் நீட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது என் தங்கை சுகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இங்கேதான். இந்த இடத்தில்தான் என் நினைப்பு எப்போதும் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. எண்பத்தேழாம் அட்டை என்றால் நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். அவளுடைய புகாரில் 'மாலை நான்கு மணியளவில்' என்று எழுதியிருக்கிறது. ஹபீபா மேடம் அதை என்னிடம் படிக்கக் கொடுத்தார். அரைப் பக்கத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. குடோனில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, புடவைக் கட்டுகளுக்கு நடுவில் அவளைப் பிடித்துத் தள்ளினானாம். "முகாம் பொண்ணுதானே நீ, உனக்காக எவன் வந்து கேப்பான்?" என்றானாம். அவள் அவன் கையைக் கடித்துவிட்டு ஷட்டருக்கு அடியால் தவழ்ந்து தெருவுக்கு வந்திருக்கிறாள், முழங்கை இரண்டும் உரிந்து. நான் அப்போது கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளி வைத்தேன். இன்னொரு புள்ளி வைத்தேன். அவள் தவழ்ந்தது முதல் புள்ளியிலா இரண்டாவது புள்ளியிலா? இப்படி யோசிப்பது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன, ஆஸ்பத்திரியில் சாமணத்தை எடுத்துக் கொடுக்கும்போதும் இதே யோசனைதான்.

மூன்று பதினைந்து. ஐம்பதாவது அட்டை. பெஞ்சு ஆடியது; பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பதினெட்டு வயது இருக்கலாம். பர்மாவிலிருந்து வந்த பிள்ளை என்று கோமதி அக்கா கண்ணால் சொன்னாள். வீட்டு வேலைக்கு வைத்திருந்தவர்கள் அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம், அதை மேடம் மீட்டுக் கொடுத்தாராம். அட்டையை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, அந்தக் கவரை இன்னொரு கவருக்குள் போட்டு, மடியில் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். என் மடியிலும் அதே கவர். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பேச்சு தெரியாது. என் டீயை அவள் பக்கம் தள்ளினேன். அவள் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடமே தள்ளினாள். மூன்று வருடத்தில் இந்த ஊரில் ஒரே டம்ளரில் நான் வதனியைத் தவிர யாரோடும் குடித்ததில்லை. இவளிடம் நான் தூத்துக்குடி என்று சொல்ல வேண்டியதில்லை, அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள். பெஞ்சு மறுபடி ஆடி, மறுபடி நான் தனியாக.

வதனி பன்னிரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. யாரோ சொல்லி இந்தப் படி ஏறி வந்து, அதன் பிறகுதான் போலீசில் எழுதிக் கொடுத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் வழக்கு ஊர்ந்தது. அவள் வேலையை விட்டு முகாமுக்கே போய்விட்டாள். நான் மாதாமாதம் செக்கிங்குக்குப் போகும்போது அவளைப் பார்ப்பேன், பேசுவோம், இந்தப் பேச்சைத் தவிர மற்றெல்லாம் பேசுவோம். அப்புறம் திடீரென்று ஒருநாள் தடுப்பு ஓட்டையில் ஒரு தகரத் துண்டை வைத்து அடைத்துவிட்டாள். "என்னோட கதைக்காத. எனக்குப் போன் எடுக்காத. உன்ர நம்பரை அழிச்சுப் போட்டன்" என்றாள், அவ்வளவுதான். நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டால் தகரத்தை இன்னும் இறுக்கி அடித்தாள். கோபம் வந்தது எனக்கு. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்து மாதம்! இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அவளுடைய அம்மா தண்ணீர்க் குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அந்த மேனேஜரின் வக்கீல் முகாம் பதிவேட்டின் நகலை எப்படியோ வாங்கிக் கோர்ட்டில் வைத்துவிட்டானாம். இந்தப் பெண் அன்றைக்குச் சென்னையிலேயே இல்லை, இதோ அவளுடைய கையெழுத்து, இரண்டு புள்ளியோடு. ஹபீபா மேடம் வதனியைக் கேட்டிருக்கிறார், உனக்காக யார் போட்டது என்று. "தெரியாது மேடம்." எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். அவளுக்குத் தெரியாதா? என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, தன் வழக்கு மூழ்குவதைப் பார்த்துக்கொண்டு, போனிலிருந்து என் நம்பரையும் அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் அதைக் கோபம் என்று நினைத்து ரோஷப்பட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். என்னைப் போல ஒரு மண்டு இந்தப் பூமியில் உண்டா?

நானாகத்தான் இந்தப் படி ஏறி வந்தேன். "நான்தான் மேடம் போட்டது" என்றேன். ஹபீபா மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உனக்கு இனிப்பா எதுவும் சொல்ல மாட்டேன்மா. இது உனக்கு எதிராவும் போகும். அரசாங்கப் பதிவேட்டுல இன்னொருத்தர் பேர்ல கையெழுத்துப் போட்டேன்னு நீயே ஒத்துக்குற. உன்மேல கேஸ் போடலாம், போடாமலும் விடலாம். போட்டா நான் வந்து நிப்பேன். ஆனா போடவே மாட்டாங்கன்னு சொல்ல என்னால முடியாது." நாளைக்கு விசாரணை. பதிவேட்டை நம்பினால் நாளையோடு வழக்கு முடிந்தது, வதனி பொய்க்காரி. அதற்குள் என் பிரமாணப் பத்திரம் போய்ச் சேர வேண்டும். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட இன்றைக்குத்தான் நேரம். இன்றைக்குத்தான் செக்கிங்கும். இதைச் சொன்னபோது மேடம் முகம் மாறியது. "அங்க உனக்காக யாரும் கை தூக்கிடக் கூடாது, புரியுதா? நாலு மணிக்கு நீ இங்க சத்தியம் பண்ற. அதே நாலு மணிக்கு அங்க நீ இருந்ததா கையெழுத்து விழுந்தா, நாளைக்கு அதையும் எடுத்துட்டு வந்து வைப்பாங்க. அப்புறம் உன் சொல்லுக்கும் மதிப்பு இல்ல, வதனியோட சொல்லுக்கும் மதிப்பு இல்ல."

அப்பாவுக்குச் சொன்னபோது அவர் எங்கேயோ கல்யாண மண்டபத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஏணியில் நின்றுகொண்டே கேட்டார் என்று நினைக்கிறேன், குரல் உயரத்திலிருந்து வந்தது. "கையெழுத்து வை. வச்சிட்டு இஞ்சால வராத. உன்னால மிச்சப் பேரின்ர பேரும் வெட்டுப்படோணுமே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்த மனிதர்கள் பேசும்போது கெட்டவர்கள் மாதிரியே இருக்கிறார்கள், என்ன செய்ய. அம்மாதான் எனக்குப் பயம். இன்று காலை பேசினேன். "அம்மா, எனக்காக ஒருத்தரும் நிக்கக் கூடாது, சுகியை விடாதேங்கோ." "என்னடி கதைக்கிறாய், சுகி உன்னை மாதிரியே இருக்கிறாள், ஒரு நிமிசம் கையைத் தூக்கிப்போட்டு வந்திடுவாள். இருபத்தஞ்சு வருசத்தில ஒரு நாள் உன்ர பேருக்கு நேரே வெறுமையா இருந்திருக்கோ? என்ர மடியில வச்சு உன்னை எண்ணுவிச்சனான்." நான் மேடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். அம்மா அழுதாள். அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு ஏழு தடவை அடித்துவிட்டேன், எடுக்கவில்லை. செக்கிங் நேரத்தில் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள். அவள் எனக்குக் கெடுதல் நினைக்க மாட்டாள், அதுதான் எனக்குப் பயம். நானும் வதனிக்குக் கெடுதல் நினைத்தா நின்றேன்? பாசத்தில்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் கவிழ்த்துக்கொள்கிறோம். சுகி கையைத் தூக்குவாள். எப்போதும் நான் தூக்குகிற மாதிரி, முழங்கையை மடக்கி, விரல்களை விரித்து. அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

நாலு மணி ஆனது. எண்பத்தேழு தாண்டியிருக்கும். வதனியின் பேரைக் கூப்பிட்டிருப்பார்கள், அவள் தன் கையாலேயே தன் கையெழுத்தைப் போட்டிருப்பாள். நாலு ஐந்துக்கு நோட்டரி வந்தார்; கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வேர்த்து, அவசரமாக. மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார். நோட்டரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாள்களைப் புரட்டினார், முதல் வரியில் இருந்த, புகார் கொடுத்தவளின் பேரைச் சத்தமாக வாசித்தார்: "ரூபவதனி." "இருக்கிறன் சார்," என்றேன். கையும் தூக்கியிருந்தேன். மேடம் என்னைப் பார்த்தார். நோட்டரி என்னைப் பார்த்தார், பிறகு என் அட்டையில் இருக்கிற போட்டோவைப் பார்த்தார். "நீதான் ரூபவதனியா?" எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்தப் பேரை ஒருவர் அந்தத் தொனியில் வாசித்தால், அதற்கு நான் இருக்கிறேன் என்று சொல்லி என் உடம்பு பழகிவிட்டது. "இல்ல சார். அவ வேற. அவளுக்குப் பதிலா நின்னது நான். நான் கலிஸ்ரா." அவர் "ம்" என்றார். "இதத்தான் எழுதியிருக்கு இங்க" என்று மேடம் மெதுவாகச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, அந்தப் பதிவேட்டுக் கையெழுத்தை எப்படிப் போட்டாயோ அப்படியே மூன்று தடவை போடு என்றார்கள். போட்டேன். மூன்றும் அச்சில் வார்த்த மாதிரி. 'ரூ', நீட்டல், கோடு, இரண்டு புள்ளி. நோட்டரி நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மாடி" என்றார். அதன் பிறகு பிரமாணப் பத்திரத்தின் அடியில் என் கையெழுத்து. ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னுடையது, இன்றைக்குப் பார்த்து வளைந்து, கோணி, யாரோ என்னைப் பார்த்துக் கள்ளத்தனமாகப் போட்ட மாதிரி வந்தது. "இதுதான் உன் கையெழுத்தா?" என்று கேட்டார். "இதுதான் சார்" என்றேன். முத்திரை குத்தினார். நாலு பதினாறு.

பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். மேடம் தோளைத் தட்டிவிட்டு, "போய்ச் சாப்பிடு, போ" என்றார். போக முடியவில்லை. நூற்றுப் பன்னிரண்டு இப்போது. இப்போது. அங்கே அந்த ஃபேன் கரகரவென்று ஓடும், அதிகாரி பேனா மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டு வாசிப்பார். சுகி கை தூக்கியிருப்பாள். தூக்கிவிட்டாள். இல்லை. அம்மா அவள் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளியிருப்பாள், "போடி, அக்காவுக்காக." நாலு இருபது. நாலு இருபத்தைந்து. என் உயிரை ஒரு சின்னப் பெண்ணின் முழங்கையில் கட்டி விட்டிருக்கிறது என்று நினைத்தேன், இரண்டு பெண்களின் மானமும் மரியாதையும் அதில்தான். நாலரை. போன் அதிர்ந்தது. அம்மா. எடுத்துக் காதில் வைத்தேன். அம்மாதான் பேசினாள். "கூப்பிட்டாங்கள் பிள்ளை. மூண்டு தரம் கூப்பிட்டாங்கள்." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். "என்னை மன்னிச்சுக்கொள். நான் சுகிக்குச் சொல்லித்தான் வச்சனான், தூக்கடி எண்டு. எனக்கு மனம் கேக்கேல்ல. அவள் தூக்கப் போனவள். வதனி வந்து பக்கத்தில நிண்டாள். காலமை அந்த வக்கீலம்மா அவளுக்குப் போன் எடுத்துச் சொன்னவவாம். வதனி சுகியின்ர கையைப் பிடிச்சு அமத்தினவள், மூண்டு தரமும் விடேல்ல. நாங்கள் எல்லாரும் நிண்டனாங்கள், ஒரு சத்தமும் இல்லை. இல்லை எண்டு சிவப்பு மையில எழுதிப் போட்டாங்கள்." சிவப்பு மை. என் பேருக்கு நேரே. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "பிள்ளை, அவள் இஞ்ச நிக்கிறாள். குடுக்கட்டே?" என்றாள் அம்மா. கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு மட்டும். அந்த மூச்சு எனக்குத் தெரியும், ஓட்டைக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே வளர்ந்தேன். "கலிஸ்ரா," என்றாள். சின்ன வயதிலிருந்து அவள் என்னை முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "கலிஸ்ரா? இருக்கிறியா?" கோமதி அக்கா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும், கேட்கட்டும்.

"ஓம்," என்றேன். "இருக்கிறன்."